சைக்கிளை எங்கே கட்டுவது: மேலேயா, பின்னாலேயா?

குயிலாப்பாளையத்துக்காரர்களிடம் போய் "சைக்கிளைக் காரில் எப்படி ஏற்றுவது?" என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். அந்த ஊரில் சைக்கிள் ஏறிப் போகிற பொருள், ஏற்றிப் போகிற பொருள் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியில் திரும்பி மேடேறினால் ஊர் வந்துவிடும். அதற்கப்புறம் ஆரோவில் முழுக்கச் செம்மண் பாதை, முந்திரித் தோப்பு, மர நிழல். பள்ளிக்கூடப் பிள்ளை, தோட்ட வேலைக்குப் போகிற அக்கா, பேக்கரிக்கு வந்த வெள்ளைக்காரத் தாத்தா என்று எல்லோரும் சைக்கிளில்தான்.

ஆனால் சனிக்கிழமை காலையில் அதே சாலையில் நின்று பாருங்கள். சென்னையிலிருந்து வரும் கார்களில் சிலவற்றின் தலையில் சைக்கிள் நிற்கும், சிலவற்றின் முதுகில் தொங்கும். செம்மண் பாதையில் ஓட்டுவதற்காக 150 கிலோமீட்டர் சுமந்து வருகிறார்கள். உள்ளூரிலும் இப்போது இந்த ஆசை வந்துவிட்டது. செஞ்சிக் கோட்டையைச் சுற்றி ஓட்ட வேண்டும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு தடவையாவது ஏறிப் பார்க்க வேண்டும் என்று பையன்கள் கிளம்புகிறார்கள். செஞ்சிக்குத் திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 65 கிலோமீட்டர். போகும்போது ஓட்டிக்கொண்டே போய்விடலாம், வெயிலில் கோட்டை ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வருவதுதான் கஷ்டம். அப்போதுதான் அப்பாவின் கார் ஞாபகத்துக்கு வரும். கூடவே கேள்வியும் வரும். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு அதில் மாட்டுவதா, கூரைமேல் கேரியர் போட்டு நிறுத்துவதா?

உண்மையில் இந்தக் கேள்விக்கு நம்ம ஊர் ஒரு காலத்தில் பதில் சொல்லி முடித்திருந்தது. பஸ்ஸின் பின்பக்கம் ஏணி இருந்த காலம் நினைவிருக்கிறதா? காய்கறி மூட்டை, கோழிக்கூடை, கட்டில், பீரோ, அதோடு சைக்கிளும் மேலே போகும். கீழே இருந்து ஒருவர் தூக்கிக் கொடுக்க, மேலே இருந்து ஒருவர் ஹேண்டில் பாரைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்து, கயிறு போட்டு இறுக்கிவிட்டு இறங்குவார். அம்பாசடர் டாக்சியும் அப்படித்தான். கூரையின் இரண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் வடிய ஒரு விளிம்பு இருக்கும், கேரியரின் கால்களை அதில் கவ்வ வைத்து போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே வந்துவிட்ட புதுக் கார்களுக்கு அந்த விளிம்பு கிடையாது. அதனால் கதவுச் சட்டத்தைக் கவ்வுகிற கால்களோ, கூரையில் கம்பெனியே வைத்துத் தரும் ரெயிலில் பிடிக்கிற கால்களோ தேவைப்பட்டன. பட்டறையில் அடித்த கேரியர் போய், பெட்டியில் வைத்து விற்கும் கேரியர் வந்தது.

பின்கொக்கி வெளியூர்ச் சரக்கு. அங்கே காரின் பின்னால் படகையோ, சாமான் வண்டியையோ இழுத்துப் போவது சாதாரணம். அதனால் காரின் அடிச்சட்டத்தோடு சேர்த்து முடுக்கிய ஒரு இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் அது சதுரக் குழாய், ஒன்றேகால் அங்குலம் அல்லது இரண்டு அங்குல அளவு. ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் உருண்டை. படகை இழுக்காத நாளில் அதிலேயே சைக்கிள் ரேக்கைச் செருகிவிடுகிறார்கள். அந்த ஊர் ஆட்களிடம் கேட்டால் பெரும்பாலும் "கொக்கிதான் நல்லது" என்பார்கள். காரணங்களும் நியாயமானவை. சைக்கிளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் போதும். காற்று அவ்வளவாக மோதாது. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் மேலே சைக்கிள் இருப்பதை மறந்து, ஷெட்டுக்குள் காரை விட்டுச் சைக்கிளையும் கூரையையும் ஒன்றாக நசுக்கும் சோகமும் நடக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம்ம ஊர்ப் பையன் பட்டறைக்குப் போனால் பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணே, வண்டிக்குப் பின்னாடி ஒரு ஹிட்ச் போடணும். சைக்கிள் மாட்ட."

"எதுல தம்பி போடுறது? பம்பரைக் கழட்டினா உள்ள தகடுதான் இருக்கு."

"ஏதோ வளையம் மாட்டுற ஓட்டை இருக்குல்ல?"

"அது வண்டி பள்ளத்துல விழுந்தா கயிறு கட்டி இழுக்க. அதுல சைக்கிளைத் தொங்கவிட்டா திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள வளையம் மட்டும்தான் மிஞ்சும்."

அந்த அண்ணன் சொல்வது சரி. டூல்ஸ் பையில் கார் கம்பெனி கொடுக்கும் திருகு வளையம் நேராக இழுக்கிற வேலைக்கு மட்டும். மேலிருந்து கீழே குதிக்கிற எடையைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. நம்ம சாலைகளில் ஓடும் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை கொக்கி இல்லாமல்தான் வருகின்றன. சில ஜீப் வகை வண்டிகளின் பின்னால் பளபளவென்று ஒரு உருண்டை தெரியும். அதிலும் பாதி வெறும் அலங்காரம், பம்பர் கார்டோடு சேர்த்து வெல்டிங் வைத்தது. அதை நம்பி மூன்று சைக்கிளை மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். ஒரு சைக்கிள் 15 கிலோ, மூன்றுக்கு 45. ரேக் 15 கிலோ என்று வைத்தால் மொத்தம் 60. இந்த 60 கிலோவும் பம்பரை ஒட்டி இருக்காது, அரை மீட்டர் தள்ளித் தொங்கும். கையை நீட்டிக்கொண்டு தண்ணீர்க் குடம் பிடித்துப் பாருங்கள், விஷயம் புரியும். போதாக்குறைக்கு நம்ம ஊர் வேகத்தடைகள். அளவும் இல்லாமல் பெயிண்டும் இல்லாமல் ராத்திரியில் திடீரென்று முளைக்கும். ஒவ்வொன்றிலும் வண்டியின் வால் ஒரு குதி குதிக்கும்போது, நின்றபோது இருந்த எடையைவிட ரொம்ப அதிகமான உதை அந்த வெல்டிங்கில் விழும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே பிரிவைக் காட்டித்தான் 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கார்களில் மாட்டும் இரும்பு பம்பர் கார்டுகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. கார் கம்பெனி கொடுக்காத கொக்கியை யாரோ ஒருவர் வெல்டிங் வைத்து, அது நாளைக்கு ஒரு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அப்புறம் நம்பர் பிளேட். பின்னால் இரண்டு சைக்கிள் தொங்கினால் பிளேட் பாதி மறையும், மூன்று தொங்கினால் முழுக்க மறையும். பிரேக் விளக்கும் சிக்னல் விளக்கும் அதே கதிதான். இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு பலகை விற்கிறார்கள். அதில் விளக்கும் இருக்கும், வண்டி நம்பரை இன்னொரு தடவை எழுதிய பிளேட்டும் இருக்கும், ரேக்குக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. 2019 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. அதைக் கழற்றிச் சைக்கிளில் கட்டவும் முடியாது, ஸ்டிக்கர் கடையில் இன்னொன்று அடித்து மாட்டுவதும் தப்பு. மொரட்டாண்டி டோல்கேட்டில் முன்கண்ணாடியின் ஃபாஸ்டாக் வேலை செய்துவிடும். அதற்கப்புறம் போலீஸ் கை காட்டினால் சைக்கிளை அவிழ்த்துத்தான் நம்பரைக் காட்ட வேண்டும்.

ஆனால் இந்த எடை, சட்டம், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் தாண்டி இன்னொன்று இருக்கிறது. கொக்கியா கூரையா என்று எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே காருக்குள் இருப்பவரின் சௌகரியத்தை வைத்துத்தான் எழுதுகிறார்கள். தூக்குவது சுலபமா, பெட்ரோல் மிச்சமா, டிக்கி திறக்குமா. காருக்குப் பின்னால் வருகிறவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலையில் பின்னால் வருவது இன்னொரு கார், அதுவும் பத்து இருபது மீட்டர் தள்ளி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்னால் வருவது ஒரு டிவிஎஸ் எக்ஸ்.எல். மீன் கூடையோடு ஒருவர், அல்லது முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை நடுவில் மனைவியோடு ஒருவர். பெரிய முதலியார்சாவடி திருப்பத்தில் கார் நின்றால் அதன் முதுகை ஒட்டி ஒரு முழ இடைவெளியில் இவர்கள் நிற்பார்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சைக்கிளின் பெடலும் ஹேண்டில் முனையும் சரியாக இவர்கள் முகத்துக்கோ முன்னால் நிற்கும் பிள்ளையின் தலைக்கோ நேராக இருக்கும். கார்க்காரர் ரிவர்ஸ் எடுத்தால்? பிரேக் விளக்கு சைக்கிள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால்?

இதைவிட மோசம் அவிழ்ந்து விழுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரிலிருந்து 15 கிலோ இரும்பு சாலையில் விழுந்தால், காரில் வருகிறவர் பம்பரை மாற்றிக்கொள்வார். டூவீலரில் வருகிறவர்? (கூரையிலிருந்து விழுந்தாலும் அதேதான், மறுக்கவில்லை. ஆனால் கூரையில் இருக்கிற சைக்கிளை வேகத்தடை அந்த அளவு உதறாது, அது இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.)

அதனால் கூரைதான் சரி என்று சட்டென்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். கூரையின் பாவக்கணக்கையும் எழுதிவிட்டுச் சொல்வதுதான் நியாயம்.

முதல் பாவம் உயரம். ஹேட்ச்பேக் சுமார் ஒன்றரை மீட்டர். குறுக்குக் கம்பி பத்து சென்டிமீட்டர். அதன்மேல் சக்கரத்தோடு நிற்கும் சைக்கிள் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக 2.6 அல்லது 2.7 மீட்டர். இன்னோவா மாதிரி வண்டியென்றால் மூன்று மீட்டரைத் தொட்டுவிடும். அடித்தள பார்க்கிங் என்றால் மறந்துவிட வேண்டியதுதான், பல இடங்களில் இரண்டேகால் மீட்டர்கூட இருக்காது. ஓட்டல் வாசல் போர்ட்டிகோ, ரயில்வே சுரங்கப்பாதை எல்லாவற்றிலும் பலகையைப் படித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். குயிலாப்பாளையத்துக்கென்று தனியாகவும் சில ஆபத்துகள் உண்டு. மண் பாதைகளில் மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கின்றன. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது பொட்டலாகக் கிடந்த மேடு இது, அப்புறம் நட்டு வளர்த்த காடு. நடந்து போகிறவருக்கு அந்தக் கிளைகள் குடை, கூரையில் சைக்கிள் வைத்திருப்பவருக்குக் கத்தி. ஊருக்குள் தெருவைக் கடக்கும் கேபிள் டிவி வயர் இருக்கிறது. ஆடி மாதம் வந்தால் கோயில் சீரியல் லைட், தேர்தல் வந்தால் கட்சித் தோரணம். இதெல்லாம் எந்த நாட்டு ரேக் கம்பெனியின் கையேட்டிலும் இருக்காது.

இரண்டாவது பாவம் தூக்குவது. பதினைந்து கிலோவைத் தோளுக்கு மேலே, காரில் கீறல் விழாமல் தூக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முடுக்க வேண்டும். ஐந்தடி உயரம் உள்ள அம்மாவுக்கு இது முடிகிற காரியமா? தனியாக என்றால் கஷ்டம்தான். கதவைத் திறந்து வாசற்படியில் ஏறி நின்றுகொள்ளலாம், கீழே இருந்து இன்னொருவர் பின்சக்கரத்தைத் தாங்கலாம். பழைய பஸ் முறையேதான், இரண்டு ஆள் வேலை.

மூன்றாவது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60-ல் போகிறவர் 90-க்கு மாறினால் வேகம் ஒன்றரை மடங்கு, எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2015-ல் மட்டும் அந்த நாட்டில் கூரை ரேக்குகளால் கூடுதலாகச் செலவான பெட்ரோல் சுமார் 10 கோடி கேலன். ஒன்றுமே ஏற்றாமல் சும்மா மாட்டிவைத்துக்கொண்டு சுற்றுகிற ரேக்குகளுக்கும் அதில் பங்கு உண்டு. இதற்கு வைத்தியம் சுலபம். வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். ஏற்றியிருக்கும்போது 70-க்கு மேல் போகக் கூடாது. பின்னால் வரும் எக்ஸ்.எல்.காரருக்கும் அது நல்லதுதான்.

நான்காவது எடை. கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பல சின்ன கார்களுக்கு 50 கிலோ, சிலவற்றுக்கு 75. அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. ஆக 50 கிலோ கூரைக்கு இரண்டு சைக்கிள்தான் நிம்மதி. மூன்றாவதைத் தம்பி ஆசைப்படுகிறான் என்று ஏற்றக் கூடாது.

டிக்கிக் கதவில் பட்டை போட்டுக் கட்டுகிற மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. விலை குறைவு என்பதால் நம்ம ஊரில் அதிகம் கண்ணில் படுவதும் அதுதான். நம்பர் பிளேட்டை மறைப்பது, பின்னால் நீட்டுவது என்று கொக்கியின் எல்லாக் குறைகளும் இதற்கும் உண்டு. கொக்கியின் பலம் மட்டும் இருக்காது. பட்டை தளர்ந்தால் பெயிண்ட் போகும், கண்ணாடி விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தால் அதுவும் போகும். அவசரத்துக்கு ஒரு சைக்கிள், பக்கத்து ஊர். அதோடு சரி.

இதுவரை காரைப் பற்றியே பேசியாகிவிட்டது. சைக்கிளுக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. ரேக் கம்பெனிகள் மனதில் வைத்திருப்பது ஒரே ஒரு ஜாதி சைக்கிள். பார் நேராக இருக்கும், மட்கார்டு இருக்காது, முன்சக்கரம் ஒரு நெம்பில் கழன்று வரும். குயிலாப்பாளையத்து வீட்டு வாசலில் நிற்பவை வேறு. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் நிற்கிறது. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-ல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பது லேடீஸ் சைக்கிள், பார் கிடையாது. பின்னால் தொங்கவிடும் ரேக்கின் இரண்டு கைகளும் பிடிப்பதே அந்தப் பாரைத்தான். இல்லாத பாரை எங்கே பிடிப்பது? சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மாட்டுகிற ஒரு கள்ளக் கம்பி தனியாக வாங்க வேண்டும். தாத்தாவின் கறுப்பு சைக்கிளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, பார் உண்டு. ஆனால் எடை ஏறக்குறைய இருபது கிலோ. முன்சக்கரம் நட்டு போட்டு முடுக்கியது, மட்கார்டுக்குத் தனிக் கம்பிகள். ஆக முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைக் கவ்வுகிற கூரை ரேக்கில் அதை வைக்க ஸ்பானரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். கார்பன் சைக்கிள்காரர்களுக்கு (சனிக்கிழமைச் சென்னைக்காரர்கள்!) வேறு கவலை. ஃபிரேமைக் கவ்வுகிற எந்த ரேக்கும் ஆகாது, இறுக்கினால் விரிசல் விடும். அவர்களுக்குச் சக்கரத்தை மட்டும் பிடிக்கிற ரகம்தான். பேட்டரி சைக்கிளைக் கூரையில் ஏற்றும் யோசனையே வேண்டாம், எடை 20 கிலோவைத் தாண்டும். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தாலும் மிச்சம் கனம்தான்.

ஆகவே, சின்ன கார், ஒன்றோ இரண்டோ கியர் சைக்கிள், தூக்க இரண்டு ஆள் என்றால் கூரை. முன் பின் யோசிக்க வேண்டியதில்லை. கார் கம்பெனியே கொடுத்த, ஆர்.சி.க்கும் கையேட்டுக்கும் ஒத்துப்போகிற கொக்கி உள்ள பெரிய வண்டி என்றால், பின்னால் மாட்டுவதிலும் தப்பில்லை. ஆனால் பிளேட்டும் விளக்கும் மறையாமல் இருக்க வேண்டும், அந்த நிபந்தனையிலேயே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். ஒரே ஒரு சைக்கிள் என்றால் கேரியரே வேண்டாம். இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பின்சீட்டை மடக்கி, பழைய பெட்ஷீட்டைச் சுற்றி உள்ளேயே படுக்க வைக்கலாம். மழையும் இல்லை, திருட்டும் இல்லை, காற்றும் இல்லை.

நான்கு சைக்கிளுக்கு மேல் போனால் காரையே மறந்துவிடலாம். 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து குட்டியானை இல்லாத ஊர் கிடையாது. எட்டுப் பேர் செஞ்சிக்குப் போவதென்றால் எட்டு சைக்கிளையும் அதில் நிறுத்தி, நடுவில் நடுவில் சாக்கு வைத்து, பக்கவாட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஆட்கள் பஸ்ஸில் திண்டிவனம் போய் மாறிக்கொள்ளலாம். (ஆட்களும் குட்டியானையில் ஏறுவது நடக்கிற விஷயம்தான். கூடாது.) வாடகையை எட்டாகப் பிரித்தால் ஒரு கேரியர் வாங்கும் காசில் பல தடவை போய்வரலாம்.

கூரையென்று முடிவு செய்தவர்களுக்குக் கடைசி வேலை கட்டுவது. ரேக்கின் பூட்டை மட்டும் நம்பாமல் சைக்கிள் ஃபிரேமிலிருந்து குறுக்குக் கம்பிக்கு இன்னொரு பட்டை போட வேண்டும், ரப்பர் கயிறு வேண்டாம், அது காற்றில் நீளும். பம்ப், தண்ணீர் பாட்டில், குழந்தை சீட், பை எல்லாவற்றையும் கழற்றிக் காருக்குள் போட வேண்டும். பட்டையின் வால் நீளமாகத் தொங்கினால் முடிச்சுப் போட்டுச் சுருக்க வேண்டும், இல்லையென்றால் திண்டிவனம் வரை கூரையில் யாரோ தவில் வாசிக்கிற சத்தம் கேட்கும். கிளம்பிப் பத்து கிலோமீட்டரில் ஓரம் கட்டி எல்லாவற்றையும் ஒரு தடவை அசைத்துப் பார்க்க வேண்டும். குயிலாப்பாளையத்திலிருந்து திண்டிவனம் ரோட்டைப் பிடித்துவிட்டால் வழியெங்கும் டீக்கடைதான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அது முடிந்துவிடும். காரின் மொத்த உயரத்தை டேப் வைத்து அளந்து, ஒரு துண்டுப் பேப்பரில் "2.7 மீட்டர், மேலே சைக்கிள்" என்று எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். செஞ்சியிலிருந்து களைத்துப்போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும்போது வீட்டு ஷெட் கதவு திறந்தே இருக்கும்.